எர்த்தைப் பிடுங்குற மகராசன்களுக்கு ஒரு கும்பிடு

மக்களே, ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, எழுதாமலே தள்ளிப் போட்ட பதிவு இது. காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும். கோவிச்சுக்காதீங்க.

போன தடவை ஊருக்குப் (தூத்துக்குடிதான், வேற எது) போயிருந்தேன். எங்க தெருக் கெபி திருவிழாவுக்குப் பசங்க பாட்டுப் பழகிட்டு இருந்தாங்க. ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, ஒரு எலக்ட்ரிக் கிட்டார், நாலு மைக். கிட்டார் ஆம்ப்பை ஆன் பண்ணதும் "ம்ம்ம்ம்ம்ம்ம்"னு ஒரு சத்தம். பக்கத்துல லாஞ்சு இன்ஜின் ஓடுற மாதிரி. மிக்ஸர்ல இருந்து ஆம்ப்புக்கு ஒரு வயர் சொருகினதும் அது ரெண்டு மடங்காச்சு.

சவுண்டு சர்வீஸ் அண்ணாச்சி வந்தார். பாத்தார். சிரிச்சார். "எர்த்து பண்ற வேலைடே இது"ன்னு சொல்லிட்டு, பாக்கெட்ல இருந்து ஒரு ரெண்டு பின் கன்வெர்ட்டரை எடுத்து ஆம்ப் பிளக்குல மாட்டி மறுபடி சொருகினார். சத்தம் போயே போச்சு. பசங்க கை தட்டுறாங்க. "அண்ணாச்சின்னா அண்ணாச்சிதாம்லே"ங்குறான் ஒருத்தன்.

நான் மட்டும் கத்தினேன். "அண்ணாச்சி, அதைக் கழட்டுங்க, ஆள் செத்துப் போயிரும்"னேன். எல்லாரும் என்னைப் பாத்த பார்வை இருக்கே! "மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் தட்டுதவன் சவுண்டு சர்வீஸ்காரருக்கே பாடம் எடுக்கான்"னு பின்னாடி ஒரு குரல். அண்ணாச்சி ரொம்பப் பொறுமையா, "தம்பி, இருபது வருசமா இப்படித்தான் போடுதேன். ஒண்ணும் ஆனதில்ல"ன்னார்.

அந்தக் கைத்தட்டலுக்கு எதிராத்தான் இந்தப் பதிவு. கிட்டார் வாசிக்காதவங்களும் படிங்க. உங்க வீட்டு கிரைண்டருக்கும் இதே கதைதான்.

எது எந்த சத்தம்?

நம்மாளுக "இரையுது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்ற மாதிரி. காய்ச்சலா, பேதியா, கால் சுளுக்கான்னு சொன்னாத்தானே மருந்து கொடுப்பார்? கிட்டார் சத்தத்துலயும் நாலு வியாதி இருக்கு.

"ம்ம்ம்"னு கனமா வந்தா அது ஹம். நம்ம நாட்டுல வீட்டுக்கு வர்ற கரண்ட் 230 வோல்ட், செகண்டுக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய் வருது. அந்த 50 ஹெர்ட்ஸ்தான் ஹம்மா கேக்குது.

"ர்ர்ர்"னு வண்டு மாதிரி வந்தா அது பஸ். 100 ஹெர்ட்ஸும் அதுக்கு மேல அதோட மடங்குகளும். கிட்டார்ல ஆறாவது கம்பியை மூணாவது ஃப்ரெட்ல பிடிச்சுத் தட்டுங்க. அது ஜி, 98 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் பஸ் சத்தம் கிட்டத்தட்ட அந்த ஸ்வரத்துலயே நிக்கும், ஒரு மயிரிழை கூட. (அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ் கரண்ட். அதனால அவங்க ஊர் இரைச்சலுக்கு ஸ்ருதி வேற. சும்மா ஒரு தகவல்.) டிம்மர், எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மட்டமான எல்.ஈ.டி பல்பு, லேப்டாப் சார்ஜர், வீட்டு இன்வெர்ட்டர் எல்லாம் இந்தக் கோஷ்டி.

"கரகர"ன்னு விட்டு விட்டு வந்தா ஜாக், கேபிள், இல்ல வால்யூம் குமிழ்.

"ஸ்ஸ்ஸ்"னு மழை பெய்யுற மாதிரி வந்தா அது ஹிஸ். கெயினை மேல ஏத்தினா வரத்தான் செய்யும். கெயினைக் குறைங்க, வேற வைத்தியம் கிடையாது.

கடைக்குப் போகாம கண்டுபிடிக்குற வழி

இணையத்துல எந்தப் பக்கம் போனாலும் "நாய்ஸ் கேட் பெடல் வாங்குங்க"ன்னு ஒரே பாட்டு. நாய்ஸ் கேட் என்ன பண்ணும் தெரியுமா? நீங்க வாசிக்காதப்ப கதவைச் சாத்தும். வாசிச்சா கதவு திறக்கும், சத்தமும் கூடவே உள்ள வரும். சாக்கடை நாறுதுன்னு ஜன்னலைச் சாத்திக்கிற வேலை. முதல்ல சாக்கடை எங்க இருக்குன்னு பாக்க வேண்டாமா? காசே செலவில்லாம அஞ்சு நிமிஷத்துல பாத்துடலாம்:

1. கிட்டார் கேபிளை ஆம்ப்புல இருந்து முழுசா உருவுங்க. இன்னும் சத்தம் வருதா? கிட்டார் மேல தப்பே இல்ல. ஆம்ப், இல்ல கரண்ட். கிட்டாரைத் திட்டுறதை நிறுத்துங்க.

2. கேபிளை மாட்டி, கிட்டார் வால்யூமை பூஜ்யத்துக்கு இறக்குங்க. இப்ப சத்தம் நின்னா கிட்டாருக்குள்ளயோ சுத்து வட்டாரத்துலயோ விஷயம் இருக்கு. நிக்கலேன்னா கேபிளை ஆட்டிப் பாருங்க, வேற கேபிள் போட்டுப் பாருங்க. பாதிப் பேருக்கு இங்கேயே முடிஞ்சுடும்.

3. வால்யூமை ஏத்தி, நின்ன இடத்துலயே மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. ஒரு திசையில சத்தம் கூடி ஒரு திசையில குறையுதா? அது பிக்கப் பிடிக்குற காந்தப்புல ஹம். பிக்கப்புங்குறது காந்தத்தைச் சுத்தி முடியை விட மெல்லிசான செம்புக் கம்பியை ஆயிரக்கணக்குல சுத்தின ஒரு காயில். கம்பி அதிர்றதைப் பிடிக்கிற அதே வேலையா, பக்கத்துல இருக்குற டிரான்ஸ்ஃபார்மரையும் பிடிக்கும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. 1955-ல கிப்ஸன் கம்பெனியில சேத் லவர்னு ஒரு இன்ஜினியர் இதுக்குத்தான் ஹம்பக்கர் பண்ணார். ரெண்டு காயில், காந்தம் ரெண்டுலயும் தலைகீழ், இணைப்பும் தலைகீழ். ஹம் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், கம்பி சத்தம் மட்டும் கூடிக்கும். என்ன மூளை பாருங்க!

4. கம்பியைத் தொடுங்க. சத்தம் குறைஞ்சா பயப்படாதீங்க, அதுதான் வழக்கம். உங்க உடம்பே ஒரு ஆன்டெனா. சுவத்துக்குள்ள ஓடுற வயர்ல இருந்து அது வாங்குறதை கிட்டாருக்குக் கொடுத்துட்டு இருக்கு. கம்பியைத் தொட்டதும் நீங்களும் கிரவுண்டோட சேந்துடுறீங்க, ஆன்டெனா அடங்குது. கிட்டார் உள்பக்கம் காப்பர் ஃபாயில் ஒட்டி, அதைக் கிரவுண்டோட சேத்தா இது இன்னும் குறையும். (மூணாவதுல சொன்ன காந்தப்புல ஹம் இதுக்கு மசியாது. ரெண்டும் வேற வேற.)

5. கம்பியைத் தொட்டா மாற்றமே இல்ல, ஜாக்கோட உலோகத்தைத் தொட்டா மட்டும் குறையுதுன்னா, பிரிட்ஜுக்குப் போற கிரவுண்டு வயர் விட்டுப் போச்சு. உலோகத்தைத் தொட்டா சத்தம் கூடுதுன்னா, ஜாக்குல ரெண்டு வயரையும் எவனோ மாத்தி ஈயம் வச்சிருக்கான். ரெண்டுமே சால்டரிங் அயர்ன் வச்சு அஞ்சு நிமிஷ வேலை.

6. லேப்டாப்ல மாட்டி வாசிக்கிற நம்ம இனத்துக்கு: சார்ஜரை உருவிட்டு பேட்டரியில ஓட்டுங்க. சத்தம் போச்சுன்னா சார்ஜர்தான் வில்லன். லேப்டாப் உலோக உடம்பைத் தடவும்போது கையில சுருசுருன்னு ஒரு உணர்ச்சி வருமே, அதுவும் இதே கதைதான். சார்ஜருக்குள்ள இருக்குற சின்ன கெப்பாசிட்டர் வழியா கொஞ்சூண்டு கரண்ட் கசியுது. எர்த் இருந்தா அதுல இறங்கிடும். இல்லேன்னா உங்க மேல.

நம்மூர் உப்புக்காத்து

மத்த ஊர்க்காரங்களுக்கு இது புரியாது. எங்க ஊர்ல சைக்கிள் ரெண்டு வருஷத்துல துரு. ஜன்னல் கம்பி துரு. கிட்டார் கம்பி ஒரு மாசத்துல கருத்துப் போகும். குமிழுக்குள்ள, ஜாக்குக்குள்ள பாசி மாதிரி பச்சையா ஒண்ணு ஏறும். "கரகர"ன்னு வந்தாலே கிட்டார் செத்துப் போச்சுன்னு ஓரங்கட்டிடாதீங்க. கான்டாக்ட் கிளீனரை ரெண்டு அடி அடிச்சு, குமிழை இருபது தடவை அப்படியும் இப்படியும் திருப்புங்க. ஜாக்கை நல்லாத் துடைங்க. கைப்பூணுக்குக் கண்ணாடி எதுக்கு, வாசிச்சுப் பாருங்க.

ஆனா உப்பு பண்ற பெரிய வேலை மண்ணுக்கடியில இருக்கு. எர்த் எப்படிப் போடுவாங்க? ஒரு குழி தோண்டி, ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுத்தி கரியும் உப்பும் அடுக்கடுக்காப் போட்டு மூடுவாங்க. ஈரமும் உப்பும் இருந்தா மண் கரண்டை நல்லா வாங்கிக்கும். நம்ம ஊர் மண்ணே உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடியா இந்தியாவுல அதிகம் உப்பு விளையுறது தமிழ்நாட்டுல, அதுல பெரும்பங்கு நம்ம தூத்துக்குடி அளங்கள்ல. எர்த் போட நம்மளை விடக் கொடுத்து வச்ச ஊர் உண்டா? ஆனா அதே உப்புதான் அந்தப் பைப்பையும், அதுல வயரை முறுக்கின நட்டு போல்ட்டையும் தின்னுடுது. மேல இருந்து பாத்தா வயர் இருக்கும். கீழ ஒண்ணும் இருக்காது. வீடு கட்டினப்ப போட்ட எர்த்தை அதுக்கப்புறம் எத்தனை பேர் திறந்து பாத்திருக்கோம்? 210 மெகாவாட் யூனிட் அஞ்சு வச்சு அனல் மின் நிலையம் கட்டின ஊர் சார் இது! அதோட முதல் யூனிட் 1979-லயே ஓட ஆரம்பிச்சிடுச்சு. கரண்டுக்குப் பொறந்த ஊர்ல கரண்டைப் பத்தின அறிவு இந்த லட்சணம்.

சில எலக்ட்ரீஷியன்க இன்னொரு கைவேலை வச்சிருக்காங்க. எர்த் இல்லாத வீட்ல, சுவிட்ச் பாக்ஸுக்குள்ளயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால சேத்து விட்டுடுறது. நியூட்ரல் எங்கயாவது விட்டுப் போச்சுன்னா, அந்த வீட்டுல எர்த் வயர் போற எல்லா உலோகத்துலயும் 230 வோல்ட் ஏறி நிக்கும். ஃப்ரிட்ஜு, கிரைண்டர், கிட்டார் கம்பி எல்லாத்துலயும்.

திருவிழாப் பந்தல் கதையைக் கேக்கவே வேண்டாம். பிளக்கே இல்லாம ரெண்டு வயரை உரிச்சு, ஓட்டையில விட்டு, தீக்குச்சி சொருகி இறுக்கி வச்சிருப்பாங்க. சீரியல் செட்டும் அதுலதான், கிட்டாரும் அதுலதான்.

பின்னைப் பிடுங்கினா ஏன் சத்தம் நிக்குது?

நிக்குதுங்குறது உண்மை. அண்ணாச்சி பொய் சொல்லல. ஆம்ப்புக்குத் தன் பிளக் வழியா ஒரு எர்த். மிக்ஸருக்குத் தன் பிளக் வழியா இன்னொரு எர்த். ரெண்டையும் ஆடியோ கேபிள்ல இணைச்சதும் கேபிளோட வெளி வலை வழியா ஒரு வட்டம் பூர்த்தி ஆகுது. ரெண்டு பிளக்கும் வேற வேற இடத்துல இருந்தா எர்த்துக்கு எர்த் ஒரு சின்ன வோல்ட் வித்தியாசம் இருக்கும். அது அந்த வட்டத்துல 50 ஹெர்ட்ஸ் கரண்டை ஓட விடும். அதுதான் ஹம்மா ஸ்பீக்கர்ல வருது. ஒரு பக்க எர்த்தை வெட்டினா வட்டம் அறுந்துடும், சத்தம் நின்னுடும்.

கூடவே இன்னொண்ணும் அறுந்துடும். மூணு பின் பிளக்குல மேல் பின் ஏன் குண்டா, நீளமா இருக்கு? சொருகும்போது முதல்ல அது தொடணும், உருவும்போது கடைசியா அது விடணும். மத்த ரெண்டும் உசிரோட இருக்குற ஒவ்வொரு நொடியும் எர்த் கூட இருக்கணும்னு அளவெடுத்துச் செஞ்சது. ஆம்ப்புக்குள்ள பேஸ் வயர் எங்கயாவது உரிஞ்சு, உலோகப் பெட்டியைத் தொட்டுச்சுன்னு வைங்க. எர்த் இருந்தா பெருங் கரண்ட் அந்த வழியா ஓடி ஃப்யூஸ் போகும், இல்ல எம்.சி.பி. விழும். ஆம்ப் செத்துடும், ஆள் பிழைச்சிடுவார். எர்த் இல்லேன்னா ஃப்யூஸுக்கு விஷயமே தெரியாது. பெட்டி 230 வோல்ட்ல சும்மா காத்துட்டு இருக்கும்.

கிட்டார்க்காரன் இதுல ஸ்பெஷல். பெட்டியும் கேபிள் வலையும் ஒண்ணு, வலையும் பிரிட்ஜும் ஒண்ணு, பிரிட்ஜும் கம்பியும் ஒண்ணு. பெட்டியில கரண்ட் இருந்தா கம்பியில இருக்கு. கிரைண்டர்ல ஷாக் அடிச்சா தொட்ட கை உதறி விலகலாம். கிட்டார்ல இடது கை விரல் அத்தனையும் கம்பியை இறுக்கிப் பிடிச்சிருக்கும். கரண்ட் ஏறினா தசை இன்னும் இறுகும். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே நிறையப் பேரால கையைத் திறக்க முடியாது. வேர்த்த உடம்பை ஆயிரம் ஓம்னு போட்டா, 230 வோல்ட்டுக்கு 230 மில்லி ஆம்பியர். இந்த நிலைமையில எதிர்ல ஒரு மைக். அது மிக்ஸர் வழியா ஒழுங்கா எர்த் ஆகியிருக்கு. பாட உதட்டைக் கொண்டு போறோம். வட்டம் பூர்த்தி.

இது கதை இல்லீங்க. 1965 டிசம்பர்ல அமெரிக்காவுல சேக்ரமென்டோ நகரத்துல, ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸோட கிட்டார் மைக் ஸ்டாண்டுல பட்டு, மேடையிலயே மயங்கி விழுந்தார். ரப்பர் அடி வச்ச செருப்பு காப்பாத்திச்சுன்னு சொல்வாங்க. 1972 மே 3-ம் தேதி வேல்ஸ்ல ஸ்வான்ஸீ நகரத்துல, ஸ்டோன் தி க்ரோஸ் குழுவோட கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையில எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டார். அங்கேயே முடிஞ்சு போச்சு. 27 வயசு. 1976 மே மாசம், யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப், மேடையில கூட இல்ல, வீட்ல எர்த் சரியில்லாம எலக்ட்ரிக் கிட்டார் வாசிச்சுட்டு இருந்தப்ப போனார். 33 வயசு. பெரிய குழு, பெரிய மேடை, வெள்ளைக்கார நாடு. அங்கேயே அப்படின்னா நம்ம தீக்குச்சிப் பந்தல்ல?

இப்ப என் கதை

இவ்வளவு நேரம் அண்ணாச்சியைத் திட்டினேன். இனி என்னைத் திட்டிக்கணும்.

2017-ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ஈ.சி.ஈ. படிப்பு, கிர்க்காஃப் விதியெல்லாம் கரைச்சுக் குடிச்ச திமிர். லீவுக்கு ஊருக்கு வந்து, பழைய ஆம்ப் ஒண்ணைக் கம்ப்யூட்டரோட இணைச்சு பாட்டு ரெக்கார்டு பண்ணிட்டு இருந்தேன். ஹம். இணையத்துல எவனோ ஒரு புண்ணியவான் சொன்னான்னு, பிளக்கைத் திறந்து, பச்சை வயரைக் கட்டிங் பிளேயரால வெட்டி, நுனியில கருப்பு டேப் சுத்தி, மறுபடி மூடினேன். சத்தம் நின்னுச்சு. எனக்கு நானே கை தட்டிக்கிட்டேன்.

வேலை கிடைச்சு மெட்ராஸ் வந்தப்ப அந்த ஆம்ப்பை எங்க தெருப் பாடகர் குழுவுக்குக் கொடுத்துட்டேன். வெளிய இருந்து பாத்தா மூணு பின்னும் கம்பீரமா நிக்கும். உள்ள நான் செஞ்ச வேலை யாருக்குத் தெரியும்? எனக்கே மறந்து போச்சு.

மூணு வருஷத்துக்கு முன்னாடி திருவிழாவுல என் சித்தி மகன் அதுல மாட்டி வாசிச்சான். பதினாறு வயசு. முதல் ரெண்டு பாட்டு ஒண்ணுமில்ல. பலகை மேடை, கார்ப்பெட், கால்ல செருப்பு, தரையோட தொடர்பே இல்ல. மூணாவது பாட்டுக்குச் சேந்து பாட மைக்குக்கிட்ட குனிஞ்சான். ஒரு சத்தம் கூடப் போடல. அப்படியே பின்னாடி சரிஞ்சான். விழுந்த வேகத்துல கேபிள் ஜாக்குல இருந்து உருவிடுச்சு. அந்த ஜாக் மட்டும் கொஞ்சம் இறுக்கமா இருந்திருந்தா நான் இன்னைக்கு இந்தப் பதிவை எழுதிட்டு இருக்க மாட்டேன். உதட்டுல ஒரு தீக்காயம், ரெண்டு விரல்ல கம்பி பதிஞ்ச தடம், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரி. பிழைச்சான்.

மறுநாள் நான் போய் ஆம்ப்பைத் திறந்தேன். சுவிட்சுக்குப் பின்னாடி உப்புக்காத்துல வயர் இன்சுலேஷன் பொரிஞ்சு, பேஸ் பெட்டியைத் தொட்டுட்டு இருந்துச்சு. எர்த் இருந்திருந்தா ஆன் பண்ணின நிமிஷமே ஃப்யூஸ் போயிருக்கும். அப்புறம் பிளக்கைத் திறந்தேன். நான் சுத்தின கருப்பு டேப் அப்படியே இருந்துச்சு.

"எப்படிய்யா ஆச்சு?"ன்னு சித்தி கேட்டாங்க. "பழைய ஆம்ப் சித்தி"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வழக்கமா வர்ற வாதங்கள்

"இருபது வருஷமா ஒண்ணும் ஆகல." என் ஆம்ப்புக்கும் பல வருஷம் ஒண்ணும் ஆகலங்க. எர்த் தினமும் வேலை செய்யுற ஆள் இல்ல. அதுக்கு வேலை வர்றது ஒரே ஒரு நாள்தான். அன்னைக்கு அது இருக்கணும்.

"பெடல் அடாப்டர், போன் சார்ஜர் எல்லாம் ரெண்டு பின்தானே?" நல்ல கேள்வி. அதுல எல்லாம் சதுரத்துக்குள்ள சதுரம் ஒண்ணு போட்டிருக்கும், பாருங்க. இரட்டை இன்சுலேஷன்னு அர்த்தம். எர்த் இல்லாம பாதுகாப்பா இருக்கணும்னே வடிவமைச்சது. மூணு பின்னோட வந்த உலோகப் பெட்டி அந்த ஜாதி இல்ல.

"வீட்டுல ஆர்.சி.சி.பி. இருக்கே?" ரொம்ப நல்லது, எல்லாரும் போடுங்க. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சா விழும். ஆனா எர்த் இருந்தா கசிஞ்ச உடனே விழும். எர்த் இல்லேன்னா யாராவது ஒருத்தர் உடம்பு வழியா கசிஞ்ச அப்புறம்தான் விழும். சோதனை எலியா இருக்க யார் ரெடி?

"அப்ப ஹம்மோடவே வாசிக்கணுமா?" வேண்டாம். ஆம்ப், மிக்ஸர் ரெண்டையும் ஒரே சாக்கெட்ல இருந்து வர்ற ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டுங்க. பல இடத்துல இதுலயே தீந்துடும். தீரலேன்னா நடுவுல ஒரு டி.ஐ. பாக்ஸ் வைங்க, உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்குறதா பாத்து. அதுல "கிரவுண்ட் லிஃப்ட்"னு ஒரு சுவிட்ச் இருக்கும். அது அறுக்குறது ஆடியோ கேபிள் கிரவுண்டை மட்டும். பிளக்கோட எர்த்தைத் தொடாது. வெட்டணும்னா அங்க வெட்டுங்க. பாடுறவருக்கு வயர்லெஸ் மைக் கொடுத்தா இன்னும் நல்லது, உதட்டு வழியா வட்டம் பூர்த்தி ஆக வழியே இல்ல. டிம்மர், சீரியல் செட்டை வேற லைன்ல போடுங்க.

இன்னொண்ணு. கம்பியைத் தொடும்போது சுருக்குன்னு ஏதாவது தெரிஞ்சா "லேசாத்தான் அடிக்குது"ன்னு வாசிச்சுட்டே இருக்காதீங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு ஆளைக் கூப்பிடுங்க. எர்த் சரியா இருக்கான்னு தெரிஞ்ச எலக்ட்ரீஷியனை வச்சு வருஷம் ஒரு தடவை பாத்துடுங்க. உப்புக்காத்து ஊர்க்காரங்க மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு.

மச்சான் பிடிக்கிற கயிறு

எங்க ஊர்ல முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னு போச்சு. தாத்தாமார் சொன்ன கதைதான் மிச்சம். முத்துக் குளிக்கிறவர் காலுல கல்லைக் கட்டி இறங்குவார். மேல தோணியில ஒருத்தர் கயிறைப் பிடிச்சிருப்பார். கீழ இருந்து ஒரு வெட்டு வெட்டினா மேல இழுக்கணும். அந்தக் கயிறை யார் கையிலயும் கொடுக்க மாட்டாங்களாம். மச்சான் கையிலதான் கொடுப்பாங்களாம். தங்கச்சி தாலி அவன் கையில இருக்குல்ல, அசர மாட்டான்னு. இன்னைக்கும் திரேஸ்புரத்துல இருந்து சங்கு குளிக்கப் போறவங்க கம்ப்ரஸர் குழாயோட இறங்குறாங்க. மேல குழாயைப் பாத்துக்க ஒரு ஆள் இருக்கார்.

முங்குறவர் நல்லபடியா ஏறி வர்ற வரைக்கும் கயிறு பிடிச்சவர் சும்மா உக்காந்திருக்குற மாதிரித்தான் தெரியும். தோணியில இடத்தை அடைக்கிறார்னு அவரை இறக்கி விட்டா தோணி வேகமாத்தான் போகும். பிளக்குல இருக்குற பச்சை வயர் அந்த மச்சான். நான் அவரை இறக்கி விட்டுட்டு, என் சித்தி மகனைத் தண்ணிக்குள்ள அனுப்பினேன்.

அண்ணாச்சிமாரே, திருவிழாக் கமிட்டிப் பெரியவங்களே, "ஒடிச்சு விடு, சரியாப் போயிரும்"னு எழுதுற இணைய மேதைகளே, உங்க எல்லாருக்கும் ஒரு பெரிய கும்பிடு. சத்தம் வந்தா வரட்டும். அதைத் தேடிப் பிடிப்போம். அந்த மேல் பின்னை மட்டும் விட்டுடுங்க.

அன்னைக்கு அண்ணாச்சி கன்வெர்ட்டரைக் கழட்டினாரான்னு கேக்குறீங்களா? கழட்டினார். நான் சொன்னதுக்காக இல்ல. சித்தி மகனும் அங்கதான் இருந்தான். ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வந்து, அண்ணாச்சிகிட்ட கீழ் உதட்டை மடிச்சுக் காமிச்சான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கு.

டிஸ்கி: அவனுக்கும் சித்திக்கும் அந்தக் கருப்பு டேப் விஷயம் இதுவரைக்கும் தெரியாது. ரெண்டு பேரும் வலைப்பதிவு படிக்கிற ஆளுங்க இல்ல. இதைப் போட்டுட்டு முதல் வேலையா ஊருக்கு போன் பண்ணணும். திட்டு பலமா விழும்னு நினைக்கிறேன். விழட்டும்.